கன்னி மூலைக் குளம்

யாரோ குளத்தைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

ஒரே வெட்டில் அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக, பொறுமையாக, ஆளில்லாத நேரம் பார்த்து.

சேனாபதி ரப்பர் பூட்ஸோடு கரையில் நின்றான். போன மார்ச்சில் இதே இடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு கார் நிறுத்துகிற கராஜ் அளவுக்கு ஒரு சின்னக் குளம். இப்போது அதில் பாதியைக் காணோம். காணாமல் போன பாதியில் கறுப்பு மண் மேடு தட்டியிருந்தது. மேட்டின் மேல் கடைசிப் பனி உருகி, அழுக்காக வழிந்துகொண்டிருந்தது.

குனிந்து ஒரு பிடி அள்ளினான். இந்தக் காட்டு மண் பழுப்பு. பாதிக்குப் பாதி கல். கடப்பாறை போட்டால் கை அதிரும். இதுவோ புட்டு மாதிரி உதிர்ந்தது. கடையில் மூட்டை கட்டி விற்கிற தோட்ட மண்.

வெளியூர் மண். யாரோ சுமந்து வந்து கொட்டிய மண்.

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். போன ஜூனில் வேலை போனதிலிருந்து சேனாபதியிடம் இருந்த தெம்பெல்லாம் தன் மகள் வயதுப் பையன்களுக்கு லேப்டாப் திரையில் சிரித்துக் காட்டியே தீர்ந்துபோயிருந்தது. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று எவனாவது ஆரம்பித்தாலே இப்போதெல்லாம் கொட்டாவி வந்தது.

அவனுக்கு வந்தது ஒரே ஒரு பயம்.

வசந்தாவுக்குத் தெரிந்தால்?

*

இந்தக் காடு வசந்தாமணியின் காடு. பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருந்தாலும் அதுதான் உண்மை.

நியூ ஜெர்சி பிஸ்கட்டவேயில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு அவளுக்கு. பகலெல்லாம் மீட்டிங், சாயங்காலமெல்லாம் இந்தியாவிலிருந்து போன், நடுவில் ஆடிட். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னாள்.

"எனக்கு ஒரு எடம் வேணுமுங்க."

"என்ன எடம்?"

"யாரும் என்னைக் கூப்புடாத எடம்."

வாரன் கவுண்ட்டியில் ஏழு ஏக்கர் காடு கிடைத்தது. 78-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணி நேரம். ரோடு முகப்பு கிடையாது, வீடு கட்ட அனுமதி கிடையாது, அதனால் சல்லிசு. ரியல் எஸ்டேட் ஏஜென்ட் இவர்களை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வேட்டைக்கா?"

"இல்லை."

"மரம் வெட்டி விற்கவா?"

"இல்லவே இல்லை."

"பின்னே என்ன செய்வீர்கள்?"

"சும்மா உட்காருவோம்" என்றாள் வசந்தா.

எடிசனில் ஒரு காதுகுத்துக்குப் போனபோது நண்பர்கள் விடவில்லை. "வாங்க வாங்க, ஃபாரஸ்ட் ஆபீசர் வர்றாரு!" "என்ன சேனாபதி, பிளாட் போட முடியாத நெலத்த வாங்கின முதல் தமிழன் நீதானாமே?" வசந்தா இட்லியைப் பிட்டுக்கொண்டே சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் பல் தெரிகிற சிரிப்பு.

அவளை மயக்கியது இந்தக் குளம்தான். இடம் பார்க்க வந்த அன்று மரங்களுக்கு நடுவே வாத்துக் கூட்டம் கத்துகிற சத்தம். போய்ப் பார்த்தால் வாத்து இல்லை, தவளை. உள்ளங்கைக்குள் அடங்குகிற பழுப்புத் தவளைகள். குளம் முழுக்க மிதந்துகொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. வசந்தா கரையில் நின்றவள் நகரவேயில்லை. ஏஜென்ட் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள்.

அப்புறம் அவளே தேடிப் படித்துச் சொன்னாள். இந்தத் தவளைகள் குளிர்காலம் முழுக்க இலைச் சருகுக்கடியில் கல்லாக உறைந்து கிடக்குமாம். மார்ச்சில் முதல் வெதுவெதுப்பான மழை விழுந்ததும் உயிர் வந்து, தான் பொரிந்த அதே குளத்துக்கு வருமாம்.

"பக்கத்துல வேற குட்டை இருந்தாலும்?"

"கிட்டத்தட்ட எல்லாமே பொறந்த எடத்துக்குத்தான் வருதுங்களாமா. அதுக்கு ஒரே அட்ரஸ்."

முதல் மழை. சேனாபதி போனை எடுத்து வானிலையைப் பார்த்தான். இன்று செவ்வாய். சனிக்கிழமை மழை. வெதுவெதுப்பான மழை.

அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் சரி பண்ண வேண்டும். வசந்தா காதுக்கு விஷயம் போகாமல்.

*

சந்தேகப்பட ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். வால்ட்.

மேற்கே ஒட்டியிருக்கும் நாற்பது ஏக்கருக்குச் சொந்தக்காரர். எழுபது தாண்டியவர். மான் வேட்டைக்காரர். நான்கு சக்கர வண்டியில் காட்டுக்குள் டபடபவென்று சுற்றுகிறவர். அந்த வண்டியின் தடம் எல்லைக் கல் வரை வந்து போயிருந்ததை சேனாபதி பார்த்திருந்தான்.

இன்னொருவர் பெயரும் மனசில் வந்து போனது. உடனே விலக்கினான்.

அனந்தராமன் அங்கிள்.

மத்திய ஜெர்சியில் தமிழர்கள் வீடு வாங்கினால் இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள். ஒருவர் இன்ஸ்பெக்டர், இன்னொருவர் அனந்தராமன் அங்கிள். இன்ஸ்பெக்டர் ஃபர்னஸைப் பார்ப்பார், அங்கிள் மூலையைப் பார்ப்பார். அங்கிள் உதட்டைப் பிதுக்கினால் ஃபர்னஸ் தங்கத்தில் செய்திருந்தாலும் அந்த வீடு வேண்டாம். ரிடையர் ஆன கெமிக்கல் என்ஜினியர். ஒரு டாலர் வாங்க மாட்டார். அதனாலேயே அவர் வாக்குக்கு மதிப்பு அதிகம்.

காட்டுக்கு மட்டும் அவரைக் கூப்பிடவில்லை. காட்டுக்கு யார் வாஸ்து பார்ப்பார்கள்?

ஜூலையில் நாலைந்து குடும்பமாக இங்கே பிக்னிக் வந்தபோது அங்கிளும் வந்தார். குளம் அப்போது வற்றி, சேறும் சருகுமாக வெறும் பள்ளம். அங்கிள் போனைக் கிடையாகப் பிடித்து, காம்பஸைப் பார்த்து, ஒரு தடவை தன்னையே சுற்றினார்.

"சேனாபதி சார், இது தென்மேற்கு."

"சரிங்க."

"கன்னி மூலை."

"சரிங்க அங்கிள்."

"கன்னி மூலைல பள்ளம். சம்பாதிக்கறவனை உக்கார வெச்சிடும். எடத்தை எப்ப ரிஜிஸ்டர் பண்ணீங்க?"

"ஏப்ரல்ல."

"வேலை எப்ப போச்சு?"

"ஜூன்ல."

அங்கிள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சாம்பார் சாதத் தட்டை எடுத்துக்கொண்டு மர நிழலுக்குப் போய்விட்டார். அவர் பேசியிருந்தால்கூடத் தேவலை.

கூட்டமே கப்சிப். வசந்தாதான் உடைத்தாள். "ஏனுங்க அங்கிள், தவளைக்கெல்லாமா வாஸ்து பாப்பீங்க? அதும் பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுது, விடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். அங்கிளும் சிரித்தார். விஷயம் அத்தோடு முடிந்தது.

எழுபத்தைந்து வயது மனிதர், எடிசனிலிருந்து வண்டியோட்டி வந்து மூட்டை சுமக்கவா போகிறார்? சேனாபதி வால்ட் வீட்டை நோக்கி நடந்தான்.

*

வால்ட் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் காபி. சேனாபதி ஒத்திகை பார்த்து வந்த முதல் வாக்கியத்தை எடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நல்லதாகப் போயிற்று, நீயே வந்துவிட்டாய். ஒன்று கேட்க வேண்டும். அந்தக் குளத்தை ஏன் மூடுகிறாய்?"

சேனாபதி கேட்க வந்த கேள்வி அதுதான். வார்த்தைக்கு வார்த்தை.

"நானா?"

"நீதான். என் கேமராவில் இருக்கிறாய்."

மான் நடமாட்டம் பார்க்க எல்லை மரத்தில் கேமரா கட்டி வைத்திருந்தார் வால்ட். எது அசைந்தாலும் படம் எடுத்துப் போனுக்கு அனுப்புகிற ரகம். போனை நீட்டினார். தடித்த விரலால் ஒவ்வொரு படமாகத் தள்ளினார்.

முதல் படம். இலையெல்லாம் உதிர்ந்த காடு. குளத்தங்கரையில் ஓர் ஆள், முதுகு காட்டி நிற்கிறான். தலையில் குல்லா. நீல ஜாக்கெட். முதுகில் வெள்ளை எழுத்தில் ஒரு கம்பெனியின் பெயர்.

சேனாபதி போனைக் கையில் வாங்கிக்கொண்டான்.

அது அவனுடைய ஜாக்கெட். பதினான்கு வருடம் உழைத்த கம்பெனி, ஒரே ஒரு வீடியோ காலில் அவனை வெளியே அனுப்பிய கம்பெனி, ஒரு கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. வேலை போன மறுநாளே அதைக் கழற்றி, தானம் கொடுக்கிற பையில் திணித்துக் கராஜில் போட்டிருந்தான்.

"அடுத்ததைப் பார்" என்றார் வால்ட்.

இரண்டாவது படம். அந்த ஆள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறான். தலை குனிந்திருக்கிறது. இடது கை இடுப்பில் அழுந்தியிருக்கிறது. ஒரு கால் ஷூவின் பின்பக்கம் பாதி கழன்று கிடக்கிறது.

முகம் தெரியவில்லை. தெரியத் தேவையும் இல்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் மாடிப்படியில் அப்படித்தான் உட்காருவாள். இடது கை இடுப்பில். ஷூவைப் பாதி கழற்றி, மீதியைக் கழற்றத் தெம்பில்லாமல். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற உட்காரல்.

மூன்றாவது படம். இரண்டு கையையும் சேர்த்து எதையோ ஏந்திக்கொண்டு, மண் விழாத பக்கத்துக் கரைக்கு நடந்துகொண்டிருந்தாள். சருகுக்கடியிலிருந்து எடுத்த ஏதோ ஓர் உயிர். மண் போடுவதற்கு முன்னால் ஒதுக்கி விடுகிறாள்.

"இது நீதானே?" வால்ட் கேட்டார்.

சேனாபதி போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஆமாம். நான்தான்."

வால்ட் அவனை ஏற இறங்கப் பார்த்தார். படத்தில் இருந்த ஆளை விட இவன் ஒரு தலை உயரம். அது அவர் கண்ணில் பட்டிருக்கும். ஆனாலும் அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

"இந்த மாதிரிக் குளத்தை மூடுவது சட்டப்படி குற்றம். தெரியுமா?"

"தெரியும்."

"நான் இன்னும் யாருக்கும் போன் போடவில்லை. என் காட்டுத் தவளையெல்லாம் உன் குளத்துக்குத்தான் வருகிறது. சனிக்கிழமை மழை." காபியின் கடைசி மிடறை முற்றத்தில் ஊற்றினார். "அதற்குள் அந்த மண் வெளியே வர வேண்டும்."

திரும்பும் வழியில் சேனாபதி மேட்டின் ஓரத்தைக் காலால் கிளறினான். சருகுக்கு நடுவே சுருங்கிப்போன ஒன்று உருண்டது. இரண்டாக அரிந்த எலுமிச்சம்பழம். உள்ளே இன்னும் குங்குமச் சிவப்பு ஒட்டியிருந்தது.

பரிகாரம்.

அதைத் திரும்பவும் சருகுக்கடியில் வைத்து மூடினான். ஏன் மூடினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

*

புதன்கிழமை அவனால் கேட்க முடியவில்லை. வியாழக்கிழமையும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வசந்தா சமையலறைக் குழாயில் ரொம்ப நேரம் கை கழுவினாள். நகக்கண்ணில் கறுப்பு.

"என்ன அது?"

"ரோசாத் தொட்டிக்கு மண்ணு மாத்துனேன்."

வெளியே டெக்கில் ரோஜாத் தொட்டியின் மேல் பனி அப்படியே கல்லாகக் கிடந்தது. இரண்டு பேருமே அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்தார்கள். இரண்டு பேருமே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் இவன் ஏதாவது பேச வேண்டும். அதற்கெல்லாம் அந்த வீட்டில் யாரிடம் சக்தி இருந்தது?

"நாளைக்கு இன்டர்வியூ எத்தன மணிக்குங்க?"

"பத்துக்கு. கடைசி ரவுண்டு."

"சாப்ட்டுட்டுப் பேசுங்க. போன தடவ வெறும் வயித்துல பேசுனீங்க, கொரலே எறங்கிப் போச்சு."

"சரி."

கரண்டியால் குழம்பைக் கிண்டினாள். கிண்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"செவ்வாக்கெழம காட்டுக்குப் போனீங்களாட்ட இருக்குது. பூட்ஸெல்லாம் சேறு. கொளம் எப்புடி இருக்குது?"

சேனாபதி தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தான்.

"நல்லா இருக்குது. நெறையத் தண்ணி."

கரண்டி நின்றது. அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்புடீங்களா" என்றாள் வசந்தா.

கரண்டி மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சிரித்தான். சாப்பிட்டுவிட்டுத்தான் சிரித்தான். கல்லூரியிலிருந்து மகள் தென்றல் மெசேஜ் அனுப்பினாள்: 'எனி நியூஸ், அப்பா?' சாயங்காலம் நியூஸ் வந்தது. நான்கு வரி. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம், அவனுடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறார்களாம். படித்தான், மூடினான். எத்தனையாவது வாழ்த்து என்று எண்ணுவதை எப்போதோ விட்டிருந்தான். தென்றலுக்குப் பதில் போடவில்லை. வசந்தாவிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவள் கோயிலுக்குப் போவதாகச் சொன்னாள். அவன் கடைக்குப் போவதாகச் சொன்னான். அவன் முதலில் கிளம்பினான்.

காட்டுக்குள் நுழையும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. குளிராத மழை. பிப்ரவரி முழுக்க முகத்தில் அறைந்த மழையல்ல, வெந்நீர் தெளித்தாற்போல ஒரு மழை. சருகெல்லாம் நனைந்து, காடே பழைய டீத்தூள் மாதிரி மணத்தது. சேனாபதி கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டினான். கொண்டுவந்த வாளியைப் பக்கத்தில் வைத்தான். மண்வெட்டியை ஓங்கி மேட்டில் போட்டான்.

மேலாப்பு மண் சுலபமாக வந்தது. அடி மண் தண்ணீர் குடித்து, ஈயமாகக் கனத்தது. பத்து வாளிக்குள் முதுகு பேச ஆரம்பித்தது. இருபதில் கெஞ்சியது. மேடு அப்படியே இருந்தது.

வழியில் ஏதோ இழுபடுகிற சத்தம்.

சரக்... சரக்... நின்றது. மறுபடி சரக்.

இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவிலிருந்து நீல ஜாக்கெட் வெளிப்பட்டது. தென்றல் சின்ன வயசில் பனியில் சறுக்கிய சிவப்புப் பிளாஸ்டிக் தட்டைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள் வசந்தா. தட்டில் இரண்டு மூட்டை மண்.

இவன் கையில் மண்வெட்டி. அவள் கையில் கயிறு. நடுவில் பாதிக் குளம்.

முதலில் வாய் திறந்தது அவன்தான்.

"கோயிலு இந்தப் பக்கம் வந்துருச்சா?"

"கடை வந்துருக்குதே, கோயிலு வரக்கூடாதுங்களா?"

மழை இருவர் மேலும் ஒரே மாதிரி பெய்தது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றாள்.

"செவ்வாக்கெழம."

"எனக்கு வெசாழக்கெழம. நெறையத் தண்ணின்னீங்களே, அப்பவே."

"தெரிஞ்சுமா மூட்டையோட வந்தே?"

"தெரிஞ்சுதான் நீங்களும் மம்பட்டியோட வந்திருக்கறீங்க."

சேனாபதி மண்வெட்டியை ஊன்றி அதன் மேல் சாய்ந்தான். "தவளைக்கு வாஸ்துவான்னு அங்கிளக் கேட்டு எல்லாரையும் சிரிக்க வெச்சது நீதானே வசந்தா?"

"நாந்தான். அப்ப ஜூலை. வேல போயி ஒரு மாசம். சிரிப்பு வந்துச்சு." முகத்தில் வழிந்த மழையை ஜாக்கெட் கையால் துடைத்தாள். "அக்டோபர்ல வரலீங்க. ஒரு நா நான் ஆபீஸ் விட்டு வர்றேன், லேப்டாப்ப மூடி வெச்சுட்டு செவுத்தப் பாத்து உக்காந்திருக்கறீங்க. பக்கத்துல வந்து நிக்கறேன். பேரச் சொல்லிக் கூப்புடறேன். திரும்பவேயில்ல. மக்யா நாளே அங்கிள் வீட்டுக்குப் போயிட்டேன்."

"அவரு மூடச் சொன்னாரா?"

"கன்னி மூலை மேடா இருக்கோணும்னாரு. அவரு அவ்வளவுதான் சொன்னாரு. மூடுனது நாந்தான்."

"உனக்காக வாங்குன கொளம் இது."

"தெரியுமுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? தவளையா, புருசனான்னா என்ன பண்ணச் சொல்றீங்க?" குரல் உயரவில்லை. உயர்த்த முடியாத களைப்பு. "சிரிக்காதீங்க. மண்ணு போட ஆரம்பிச்சப்பறந்தான் இன்டர்வியூவே வந்துச்சு. பாதி மூடுனேன், கடைசி ரவுண்டு வந்துச்சு. இன்னும் பாதிதான். இன்னிக்கு ரெண்டு மூட்ட, அடுத்த வாரம்..."

"வரல வசந்தா."

"என்ன வரல?"

"நேத்து சாயங்காலமே மெயில் வந்துருச்சு. வேற ஆளப் பாத்துட்டாங்களாமா."

கயிறு அவள் கையிலிருந்து நழுவியது. சுற்றுமுற்றும் பார்த்தாள். அவனுடைய வாளி கண்ணில் பட்டது. கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். இடது கை இடுப்புக்குப் போனது.

"நேத்தே சொல்லியிருக்கலாமுல்லங்க."

"நீ ரசம் வெச்சுட்டிருந்தே."

"ரசம் வெச்சா?"

"பாட்டு முணுமுணுத்துட்டே வெச்சே. ரொம்ப நாளாச்சு, கேட்டு."

வசந்தா தலையைத் திருப்பினாள். மேட்டைப் பார்த்தாள். தட்டில் இருந்த மூட்டைகளைப் பார்த்தாள். சேனாபதி அவள் கண் போன திசையைக் கவனித்தான். இருபத்தாறு வருடத்தில் அந்தப் பார்வையும் அவனுக்குத் தெரியும். பாதிதானே மூடினோம், அதனால்தான் போய்விட்டதோ, முழுசாக மூடியிருந்தால்... கணக்கு அந்தப் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. இனி அவன் என்ன பேசினாலும் அதைத் திருப்ப முடியாது. மெயிலைக் காட்டினாலும் முடியாது, வால்ட் சொன்ன சட்டத்தைச் சொன்னாலும் முடியாது.

அவன் மேட்டின் பக்கம் திரும்பினான். மண்வெட்டியைத் தூக்கினான்.

"இருங்க" என்றாள் வசந்தா.

மேட்டின் மேல் என்னவோ அசைந்தது.

தவளை. பழுப்பு உடம்பு, கண்ணை ஒட்டிக் கொள்ளைக்காரன் முகமூடி மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. வால்ட் காட்டுப் பக்கமிருந்து சருகு தாண்டி வந்திருந்தது. கறுப்பு மண்ணின் மேல் ஏறி, நட்ட நடுவில் உட்கார்ந்தது. போன வருடம் அங்கே தண்ணீர். இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு தாவு தாவி, மறுபடி அதே இடத்துக்கு வந்தது. பக்கத்திலேயே பாதிக் குளம் கிடந்தது. அது இன்னும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மழையில் தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதுவும் மேட்டில் ஏறி நின்றது.

வசந்தா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வசந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வசந்தா கையை நீட்டினாள்.

"அந்த வாளிய இப்புடிக் குடுங்க."

"வாளி மேலதான் நீ உக்காந்திருக்கறே."

"அட ஆமா."

எழுந்தாள். எழ ஒரு கை வேண்டியிருந்தது, கொடுத்தான். வாளியை நிமிர்த்தி அவன் பக்கம் நகர்த்தினாள். "தோண்டறது நீங்க, தூக்கறது நானு. தவளைக்கு அடி படாமப் போடுங்க மம்பட்டிய."

அவன் வெட்டினான், அவள் சுமந்தாள். முதல் வாளியோடு பத்தடி போனவள் நின்றுவிட்டாள்.

"எங்கீங்க கொட்டறது?"

"எங்கயாவது கொட்டு. ஏழு ஏக்கரு கெடக்குது."

"எங்கயாவதுன்னா? ஈசானியத்துல கொட்டுனா அது அதவிட மோசமுங்க."

சேனாபதி நிமிர்ந்தான். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நுரையீரலில் காற்று இல்லை. வசந்தா வாளியோடு நின்று யோசித்தாள். குளத்தைப் பார்த்தாள். குளத்துக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், பாசி பிடித்த எல்லைக் கல்லைப் பார்த்தாள். குளத்துக்கும் கல்லுக்கும் நடுவே காலி இடம் கிடந்தது.

"ஏனுங்க, உண்மையான மூலை அந்தக் கல்லுதானுங்களே?"

"ஆமா."

"அப்ப கொளம் மூலைல இல்ல. மூலைக்கு முன்னாடி இருக்குது. மண்ண அந்தக் கல்லுகிட்டக் குமிச்சுட்டா?"

"மூலைல மேடு."

"மேட்டுக்கு முன்னாடி கொளம்." அவள் முகத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாத ஒன்று வந்து போனது. "இத அக்டோபர்லயே யோசிச்சிருந்தா எனக்கு இடுப்பாவது மிஞ்சியிருக்கும்."

"அங்கிள் ஒத்துக்குவாரா?"

"காம்பஸ எடுத்துட்டு வந்து பாக்கட்டும். வந்தா அவரு கையிலயும் ஒரு வாளியக் குடுத்துரலாம்."

மத்தியானம் தாண்டியும் வெட்டினார்கள். மூச்சு மட்டும் கேட்டது. ஒரு தடவை சேனாபதி நிமிர்ந்தபோது தூரத்தில் எல்லை மரத்தடியில் வால்ட் நிற்பது தெரிந்தது. நீல ஜாக்கெட்டைப் பார்த்தார். நீல ஜாக்கெட் போடாத சேனாபதியையும் பார்த்தார். தொப்பியை லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

முழு மேடும் போகவில்லை. முக்கால்வாசி போனது. மீதிக்கு நாளை ஒரு நாள் வேண்டும், அல்லது புதிதாக ஒரு முதுகு. ஆனாலும் வெட்டின பள்ளத்துக்குள் அந்தப் பக்கத்துத் தண்ணீர் மெல்ல நகர்ந்து வந்தது. காலடியில் வந்து நின்றது. முகமூடித் தவளை முதல் ஆளாக உள்ளே இறங்கியது.

தட்டிலிருந்த இரண்டு மூட்டைகளையும் சேனாபதி இறக்கிக் கரையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டான்.

"திருப்பிக் குடுத்தரலாமா?"

"நனைஞ்சதை எவன் வாங்குவான்? கெடக்கட்டும் விடுங்க. உக்காந்துக்கலாம்."

உட்கார்ந்தார்கள். ஈர மூட்டை, இடுப்புக்கு மெத்தை மாதிரி அமுங்கிக் கொடுத்தது. வசந்தா ஒரு ஷூவைப் பாதி கழற்றினாள்.

"செவ்வாக்கெழம இன்னொரு கம்பெனி இருக்குதில்லீங்க?"

"இருக்குது. முதல் ரவுண்டு."

அவள் பார்வை தன்னையறியாமல் எல்லைக் கல்லின் பக்கம் போனது. மேடு போதுமா என்று அளந்தது.

"வசந்தா."

"பாக்கத்தானுங்க செஞ்சேன்."

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு வாத்து கத்தியது. வாத்து இல்லை. இன்னொன்று பதில் சொன்னது. அப்புறம் மூன்று, நான்கு. எத்தனை வந்திருக்கின்றன என்று எட்டிப் பார்க்க இருவருக்குமே ஆசைதான்.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை.